இருபத்தைந்தாம் தேதி வசனம்

தினமும் காலை ஆறு மணிக்குள் எட்டு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும் என்பது என் வேலை. சம்பளம் கிடையாது, வாரவிடுப்பும் கிடையாது. ஒரு வேத வசனம், அதன் கீழே அன்றாட வாழ்க்கைக்கு ஒத்துவருகிற மாதிரி ஒரு சின்னத் தியானம். தொற்றுநோய்க் காலத்தில் ஆலயத்தைப் பூட்டி வைத்திருந்தபோது எங்கள் சபைப் போதகர் இதை என் தலையில் கட்டினார். "பால் பொங்குறதுக்குள்ள படிச்சு முடிக்கிற மாதிரி இருக்கணும்மா" என்று அளவையும் அவரே சொன்னார். பிறகு ஆலயத்தைத் திறந்தார்கள். என்னை நிறுத்தச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

எனக்குப் பிரசங்கம் வராது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, வசனம் ஒப்பிக்க வைத்து, மிட்டாய் கொடுத்து அனுப்பியவள். அதனால் உதாரணம் வேண்டுமென்றால் கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் போக மாட்டேன், அடுப்படிக்குத்தான் போவேன். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், கேஸ் தீர்ந்துபோன நாள், கம்பெனி குவார்ட்டர்ஸ் கூரையின் ஒழுக்கு, இவற்றோடு முக்கியமாக என் கணவர். 'சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்' என்ற வசனத்துக்கு அவர் கட்டிலில் போட்ட ஈரத்துண்டை உதாரணமாக எழுதிவிட்டேன். பேர் போடவில்லை. ஆனாலும் அன்றைக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒருவர், "சார், துண்ட எடுத்துக் கொடியில போட்டுட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் நேராகச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து, "பைபிள்ல எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்கள வச்சு எழுதேன்" என்றார்.

நீதிமொழிகள் புத்தகத்தில் முப்பத்தொரு அதிகாரங்கள். தேதிக்கு ஓர் அதிகாரம் என்று வாசிப்பது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பழைய வழக்கம். ஒன்றாம் தேதி ஒன்றாம் அதிகாரம், இரண்டாம் தேதி இரண்டு. நானும் பெரும்பாலும் அப்படித்தான் வசனத்தை எடுப்பேன். அன்றைய அதிகாரத்தில் எது கண்ணில் குத்துகிறதோ அதுதான் அன்றைய தியானம். இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி, யாராவது முகம் சுளித்தால் "நானா தேர்ந்தெடுத்தேன், தேதி தேர்ந்தெடுத்தது" என்று தப்பித்துக்கொள்ளலாம். அந்த வசதிதான் ஒருநாள் என்னை முழுசாகக் கவிழ்த்தது.

என் தியானங்களைச் சபையின் போன் குழுவில் நாற்பது ஐம்பது பேர் படித்தார்கள், அல்லது படிக்காமலே கைகூப்புகிற படத்தைப் போட்டார்கள். உண்மையிலேயே வரிவரியாகப் படித்தவர் ஒரே ஒருவர். அவர் சபையைச் சேர்ந்தவரே இல்லை, எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா. காடாம்புலியூர்க்காரர், மாரியம்மனுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர். அவர் கணவருக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை, என் கணவருக்குப் பவர் ஹவுஸில். ஒருநாள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா டீச்சரு, எனக்கு அனுப்ப மாட்டீங்களா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீச்சராக இருந்த என்னை வாரம் முழுக்க டீச்சர் என்று கூப்பிட்டவர் அவர் மட்டும்தான். "நல்ல சொல்லு எங்கேந்து வந்தா இன்னாங்க. காலைல டீ போட்டுகினே படிச்சிப்பேன்" என்றார். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் தனியாக அனுப்பினேன். ஆறு மணிக்கு முன்பே, படித்தாயிற்று என்று போனில் இரண்டு நீலக் கோடு விழுந்துவிடும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் செம்பருத்தி வேலி. வேலியில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. பத்தொன்பது வருடமாக அக்கா அந்த இடைவெளி வழியாகத்தான் வந்தார். காலையில் கறிவேப்பிலைக்கு ஒரு தடவை, பதினோரு மணிக்குப் பேச ஒரு தடவை, சாயங்காலம் சும்மா ஒரு தடவை. முந்திரிக் காலத்தில் மடியில் கொட்டையோடு வருவார், பலாக் காலத்தில் சுளையோடு வருவார். எனக்கு டைபாய்டு வந்த மாதம் கஞ்சியோடு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் ரயில் ஏறி வருவதற்குள் எனக்குக் காய்ச்சலே போய்விட்டது.

அந்த நவம்பர் இருபத்தைந்தாம் தேதி காலை இருபத்தைந்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். முந்தின நாள் அக்கா நாலு தடவை வந்திருந்தார். பெங்களூரிலிருந்து என் மகள் போன் பண்ணியபோது எதிரிலேயே உட்கார்ந்து, "இன்னா சொல்லுது பொண்ணு?" என்று வார்த்தைக்கு வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தார். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை என்று நான் இங்கே சொன்னால் அது பொய். சொல்ல மாட்டேன். கண்ணில் குத்திய வசனம் இது: 'உன் அயலான் சலித்து உன்னை வெறுக்காதபடிக்கு, அடிக்கடி அவன் வீட்டில் கால்வைக்காதே.' அதன் கீழே என் கை அதுபாட்டுக்கு எழுதியது. காலையில் ஒரு தடவை, பதினோரு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று போனால் எந்த வீட்டில்தான் சலிக்காது என்று எழுதியது. எழுதி முடித்ததும் எரிச்சல் தீர்ந்துபோயிற்று. வழக்கம்போல எல்லோருக்கும் அனுப்பிவிட்டு இட்லி ஊற்றப் போனேன்.

வழக்கம்போல எல்லோருக்கும். அதில்தான் இருந்தது வினை.

பதினோரு மணிக்கு அக்கா வரவில்லை. மழையாக இருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலமும் வரவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் காலையில் அனுப்பியது நினைவுக்கு வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கே நீலக் கோடு விழுந்திருந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால், வேலி இடைவெளியில் ஒரு பழைய இரும்புக் கட்டில் சட்டம் சாய்த்து வைத்திருந்தது.

நியாயமாக அப்போதே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு என்று ஒரு குணம் உண்டு. தப்பு என் மேல் என்று தெரிந்துவிட்டால் முதலில் கோபம்தான் வரும். வசனத்தில் இருப்பதைத்தானே எழுதினேன், அதற்குக் கட்டிலை வைத்து அடைப்பதா என்று இரண்டு நாள் புகைந்தேன். இருபத்தேழாம் தேதி, அடைமழை. சமையலறை மூலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. இருபத்தேழாம் அதிகாரத்தில் வரிசையாக விரலை ஓட்டி, பத்தாம் வசனத்தைக் கவனிக்காமல் தாண்டி, பதினைந்தில் போய் நின்றேன். 'அடைமழைநாளில் ஓயாத ஒழுக்கும் சண்டைக்காரியான ஸ்திரீயும் சரி.' அதையும் எழுதி அனுப்பினேன். அவருக்கும் அனுப்பினேன்.

கணவர் அதைப் படித்துவிட்டு, "இதுல உதாரணம் எந்த வீட்டு ஸ்திரீ?" என்று கேட்டார். பக்கெட்டை ஒழுக்குக்குக் கீழே நகர்த்தி வைத்தேன்.

அதன்பிறகு நாலு மாதம் பேச்சு இல்லை. வேடிக்கை என்னவென்றால் மற்ற எல்லாம் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அச்சுப்பலகாரமும் கேக்கும் வைத்து ஒரு தட்டை என் கணவர் கையில் கொடுத்து அனுப்பினேன். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது அல்லவா, தட்டில் இரண்டு கை சர்க்கரை போட்டு அவர் கணவர் கொண்டுவந்து கொடுத்தார். பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பும் பரங்கிக்காயும் வந்தன. நான் அந்தப் பாத்திரத்தில் ஆரஞ்சுப் பழம் வைத்து அனுப்பினேன். இரண்டு ஆண்களும் மைன்ஸ் கதையும் பவர் ஹவுஸ் கதையும் பேசிக்கொண்டு தட்டு சுமந்தார்கள். எங்களுக்குள் இல்லாத பேச்சையெல்லாம் அவர்கள் பேசித் தீர்த்தார்கள்.

இன்னொன்றும் நிற்கவில்லை. காலை தவறாமல் அந்த இரண்டு நீலக் கோடு. கோபத்தில் போனில் என் எண்ணைத் தடுத்துவிடுவார் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. பதிலும் போடவில்லை. ஐந்து ஐம்பத்தைந்துக்கு அந்தக் கோடு விழுந்தால்தான் எனக்குக் காபி இறங்கியது. சில நாள் அவருக்காகவே வசனம் தேடினேன். பொறுமை, நீடிய சாந்தம், ஒருவரையொருவர் மன்னிப்பது, இப்படி ஒரு வாரம் முழுக்க எழுதினேன். சபையில் எல்லோரும் இந்த வாரம் ரொம்ப ஆழமாக இருந்தது என்றார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மார்ச் மாதம் ஒருநாள் 'சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது' என்ற வசனத்தை எழுதினேன். கணவருக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட். மதியம் ஒரு மணிக்கு டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "செகண்ட் ஷிஃப்ட்காரனுக்கு இந்த வசனம் ரொம்பக் கஷ்டம். பொண்டாட்டியோட மத்தியானம் சண்ட போட்டா, சூரியன் அஸ்தமிக்கிறப்ப பாய்லர் பக்கத்துல நிப்பான். உனக்கென்ன, நீ வீட்டுலதான இருக்க." செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "இந்த முப்பத்தொண்ணாம் தேதி பக்கத்து வீட்டு அண்ணன் ரிட்டயர்டு. அன்னைக்கே குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு ஊருக்குப் போறாங்களாம். ஷிஃப்ட் பஸ்ல சொன்னாங்க."

இங்கே வீடு என்பது வேலையோடு வந்து வேலையோடு போவது. அது எனக்குத் தெரியாததில்லை. நாங்களும் இன்னும் இரண்டு வருடத்தில் சாவியை ஒப்படைக்கத்தான் வேண்டும். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பத்தொன்பது வருடம் பழகியவர் என்னிடம் சொல்லாமலே ஊரைவிட்டுப் போகப் போகிறார். அப்படிப் போய்விட்டால் அது அப்படியே நின்றுவிடும். அவர் மனதில் கடைசியாக 'எந்த வீட்டில்தான் சலிக்காது' என்று நான் எழுதியதுதான் இருக்கும்.

அப்படி அழுதவள் மறுநாள் போனேனா என்றால், இல்லை. அடுத்த நாளும் இல்லை. கால் எழவில்லை. இருபத்தைந்தாம் தேதி வந்தது. அந்த அதிகாரத்தைத் திறக்கப் பயந்து சங்கீதத்துக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன். இருபத்தேழாம் தேதி காலை மட்டும் ஏதோ துணிச்சலில் நீதிமொழிகளைத் திறந்தேன். இந்த முறை விரலைத் தாண்டவிடாமல் ஒவ்வொன்றாகப் படித்தேன். பத்தாம் வசனத்தின் கடைசி வரி: 'தூரத்திலுள்ள சகோதரனிலும் சமீபத்திலுள்ள அயலானே வாசி.' தூரத்துச் சொந்தத்தைவிடப் பக்கத்து வீடு மேல் என்கிறது.

நவம்பரில் கோபத்தில் இந்த வரியைத்தான் தாண்டிப் போயிருந்தேன். இரண்டே நாள் இடைவெளியில், அந்தக் காயத்துக்கு இந்த மருந்தை அதே புத்தகம் வைத்திருந்தது. போனை எடுத்து எழுத ஆரம்பித்தேன். 'எங்கோ பிறந்த நாம் எல்லோரும் இந்த டவுன்ஷிப்பில்' என்று ஒரு வரி அழகாக வந்தது. அப்போது தூங்கி எழுந்து வந்த கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "நல்லா இருக்கு. ஆனா இத அனுப்பாத" என்றார். "ஏன்?" என்றேன். "எட்டு வரி எழுதுற நேரத்துல அங்க போய்ட்டு வந்துரலாம்" என்றார்.

போனைக் கீழே வைத்தேன். அன்றைக்குச் சபைக் குழுவுக்குத் தியானம் போகவில்லை.

இடைவெளியில் கட்டில் சட்டம் நின்றதால் தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாகப் போனேன். அங்கேதான் எனக்கு முதல் அடி. செருப்பை எங்கே விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அழைப்பு மணி எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டுக்கு நான் எப்போதெல்லாம் வந்தேன் என்று யோசித்தால், அவர்கள் மகள் கல்யாணத்துக்கு ஒரு தடவை, அக்காவின் மாமனார் இறந்ததற்கு ஒரு தடவை. மற்றபடி ஞாபகமே வரவில்லை.

அக்கா கதவைத் திறந்தார். முகம் கொஞ்சம் கறுத்திருந்தது. "வாங்க டீச்சரு" என்றார், நேற்றுத்தான் பேசிய மாதிரி. உள்ளே எல்லாம் மூட்டையும் அட்டைப்பெட்டியுமாகக் கிடந்தது. "நாற்காலியெல்லாம் கட்டியாச்சிங்க. அந்த அரிசி மூட்டை மேல குந்துங்க."

உட்கார்ந்தேன். யோசித்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் எங்கோ போய்விட்டது. "அக்கா, அந்த வசனத்த நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்களத்தான் மனசுல வச்சு எழுதினேன். தப்பு என் மேலதான்" என்றேன்.

அக்கா ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார். "அந்த வசனம் பைபிள்ல மெய்யாலுமே இருக்குதா, நீங்களா எழுதினதா?"

"இருக்கு."

"அப்ப அதுல இன்னா தப்பு. மெய்தான, நான் பொழுதன்னிக்கும் வந்துகினுதான் இருந்தேன்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "எனக்கு மனசு நொந்தது அதுக்கு இல்லீங்க."

"பின்ன?"

"நான் அடிக்கடி வந்தேன். நீங்க எத்தினி வாட்டி வந்தீங்க, சொல்லுங்க? நீங்க பாதி வந்திருந்தீங்கன்னா, நான் பாதிதான வந்திருப்பேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். அவர் வருகையை எல்லாம் எண்ணி வைத்திருந்தேனே தவிர, என் காலை ஒருநாளும் எண்ணியதில்லை. அயலான் வீட்டில் அடிக்கடி கால்வைக்காதே என்ற கட்டளையைப் பத்தொன்பது வருடமாக அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவள் நான்தான். அதற்காக என்னை யாரும் மெச்சிக்கொள்ள முடியாது.

அழுதுவிட்டேன். அக்கா பதறி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னாங்க இது, காலங்காத்தால" என்று அடுப்படிக்குப் போய்க் கட்டாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே பாத்திரத்தில் டீ போட்டார். டம்ளர்கள் பெட்டிக்குள் போய்விட்டன. அவர் வீட்டில் நான் குடித்த முதல் டீயை ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் குடித்தேன். சர்க்கரை அதிகம். அவர் வழக்கமாக என் வீட்டு டீயைச் சர்க்கரை கம்மி என்று சொல்வதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

"அந்த ஒழுகுற வூட்டு வசனம் போட்டீங்களே, சண்டைக்காரின்னு. அது நானா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அது நான்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் கணவர் கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கட்டில் சட்டத்தைப் பற்றியும் கேட்டேன். "அதுங்களா? ஆடு பூந்து கத்திரிச் செடிய மேயுதுன்னு எங்க வூட்டுக்காரரு வச்சாரு. நீங்க எடுத்துடுவீங்கன்னு நான் பாத்துகினு இருந்தேன்." நாலு மாதம் நான் பார்த்துப் பார்த்துப் புகைந்த மதில்சுவர், ஆட்டுக்கு வைத்தது. அதைத் தூக்க ஒரு கை போதும். அன்றைக்கே தூக்கிப்போட்டேன்.

மிச்சம் இருந்த நாலு நாளும் நான் அந்த இடைவெளி வழியாகப் போய்க்கொண்டே இருந்தேன். பாத்திரத்துக்குப் பேப்பர் சுற்ற, மாரியம்மன் படத்துக்குப் பழைய துணி தேட, சும்மா உட்கார. செம்பருத்தியில் என் புடவை இரண்டு இடத்தில் கிழிந்தது. அக்கா இத்தனை வருடம் கிழியாமல் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கம்பெனியில் மாலையும் சால்வையும் போட்டு அண்ணனை அனுப்பினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே லாரி கிளம்பியது. அக்கா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வசனத்த நிறுத்திடாதீங்க" என்று மட்டும் சொன்னார். அழவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி மறுபடி இருபத்தைந்தாம் அதிகாரம். இந்த முறை ஓடி ஒளியவில்லை. அதே வசனத்தை எடுத்தேன். எட்டு வரி வரவில்லை, இரண்டு வரிதான் வந்தது. 'அடிக்கடி கால்வைக்காதே என்ற அறிவுரை, கால்வைத்துப் பழகியவர்களுக்கு. என்னைப் போன்றவர்கள் முதலில் போய்விட்டு வரவேண்டும்.' எல்லோருக்கும் அனுப்பினேன், அக்காவுக்குத் தனியாகவும் அனுப்பினேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கு நீலக் கோடு விழுந்தது. இட்லியை மூடி வைத்து, கணவருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எட்டு மணி வாக்கில் போன் கிணுகிணுத்தது. அவர் குரலில் ஒரு பதிவு. பின்னால் கோழி சத்தம் கேட்டது. "டீச்சரு, வசனம் பாத்தேன். அடிக்கடி வரக்கூடாதுன்னுதான் போட்டுருக்குது. வரவே கூடாதுன்னு போடலியே. பலா பழுத்துக் கெடக்குது, ஒங்களுக்குன்னு வச்சிகினு இருக்கேன். எப்பதான் வருவீங்க?"

நான் பண்ருட்டி பஸ்ஸில், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். காடாம்புலியூருக்கு இன்னும் இரண்டு நிறுத்தம்.